பேசும் ரோபோ தவறு செய்தால் பதில் சொல்வது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனை வரவேற்பறையிலும் பள்ளி வகுப்பறையிலும் பேசும் ரோபோக்களை நிறுத்திவைக்கும் வழக்கம் பெருநகரங்களைக் கடந்து எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் பக்கமும் வந்துவிட்டது. இவற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "நம்மூர் சனங்கள் இதை நம்புவார்களா?" என்ற கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். என் அச்சம் அதற்கு நேர்மாறானது. மக்கள் இவற்றை அளவுக்கு மீறி, வெகு விரைவாக நம்பிவிடுவார்கள். அந்த நம்பிக்கை முறியும் நாளில், முறித்தது யார், அதைச் சரிசெய்யக் கடமைப்பட்டவர் யார் என்று கேட்டால் ஒருவரும் முன்னால் வரமாட்டார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களில் நெடுங்காலம் ஊக்குநராகவும், பிறகு கூட்டமைப்பின் கணக்குகளைப் பார்ப்பவளாகவும் இருந்ததால், நம்பிக்கை எப்படி உண்டாகிறது, எதனால் கெடுகிறது, கெட்ட பின் எப்படித் திரும்புகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவள் நான். ஒசூரில் பொறியாளராகப் பணிபுரியும் என் மகள் எடுத்துத் தந்து விளக்கிய ஆய்வுகளையும் அந்த அனுபவத்தோடு சேர்த்து இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

ரோபோ எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. ஒசூர் சிப்காட்டிலும் போச்சம்பள்ளிப் பகுதியிலும் உள்ள வாகனத் தொழிற்சாலைகளில் ரோபோ கரங்கள் பற்றவைக்கின்றன, வண்ணம் பூசுகின்றன, பாகங்களைத் தூக்கி வைக்கின்றன. அந்தக் கரத்தை யாரும் தங்களைப் போன்ற ஓர் ஆளாக நினைப்பதில்லை. அதைச் சுற்றி வேலி இருக்கிறது; வேலியின் கதவைத் திறந்தால் இயந்திரம் நின்றுவிடுகிறது; கைக்கெட்டும் இடத்தில் சிவப்பு நிறத்தில் அவசர நிறுத்தப் பொத்தான் இருக்கிறது. தொழிலாளி நம்புவது அந்த வேலியையும் பொத்தானையும், அவற்றை மாதந்தோறும் சோதித்துக் கையெழுத்திடும் பராமரிப்புப் பிரிவையும்தான். வரவேற்பறை ரோபோவின் நிலை வேறு. அதற்கு வேலி கிடையாது. கண் சிமிட்டுகிறது, தலையசைக்கிறது, பெயர் வைத்திருக்கிறது, நம் மொழியில் வணக்கம் சொல்கிறது. 2016-இல் சென்னை தியாகராய நகரில் சிட்டி யூனியன் வங்கி 'லட்சுமி' என்ற ரோபோவை அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டு ஐதராபாத்தில் நடந்த உலகத் தொழில்முனைவோர் மாநாட்டில் பெங்களூரில் உருவான 'மித்ரா' மேடையேறியது. 2024-இல் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கு 'ஐரிஸ்' என்ற ரோபோ ஆசிரியையாக வந்தது. நம் வீட்டுப் பெண்ணுக்கு வைக்கும் பெயர், நண்பன் என்ற பொருளில் ஒரு பெயர், சேலை கட்டிய ஆசிரியை உருவம் என்று ஒவ்வொன்றும் நம் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் மரியாதையைக் கடன் வாங்கிக்கொண்டுதான் நம் முன்னே வருகிறது. இந்தக் கடனை யார் அடைப்பது என்பதே என் கேள்வி.

என் மாமியாரின் மூட்டுவலிக்காக ஒசூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றபோது நான் கண்டதைச் சொல்ல விரும்புகிறேன். நுழைவாயிலுக்கு உள்ளே, மார்பில் தொடுதிரை பொருத்திய ஒரு ரோபோ நின்றிருந்தது. எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தெளிவான, தயக்கமில்லாத குரலில் வழி சொல்லிக்கொண்டிருந்தது. எலும்பு மூட்டுப் பிரிவு இரண்டாம் மாடியில், லிஃப்டுக்கு இடப்புறம் இருப்பதாக எங்களுக்குச் சொன்னது. அதிலிருந்து ஒரு கை தூரத்தில் இருந்த தூணில், நான்கு மூலையிலும் செல்லோ டேப் ஒட்டிய வெள்ளைத் தாளில், "எலும்பு மூட்டுப் பிரிவு பின்புறக் கட்டடத்திற்கு மாற்றப்பட்டுள்ளது" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒட்டியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற படித்த இளைஞர்கள்கூட அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, ரோபோ சொன்ன பக்கமே நடந்தார்கள். இரண்டாம் மாடியில் பூட்டிய கதவுக்கு வெளியே, காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி நின்றிருந்தார். அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள்தான், "எல்லாரும் இப்படித்தாம்மா மேல வந்துட்டுத் திரும்பிப் போறாங்க, கீழ எறங்கிப் பின்னாடி போங்க" என்றார்.

கீழே வந்து ரோபோவிடமே சொன்னோம். "ஏற்பட்ட சிரமத்திற்கு மன்னிக்கவும்" என்று அது தலை தாழ்த்தியது. அடுத்து வந்த முதியவருக்கு அதே இரண்டாம் மாடியைச் சொன்னது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் முறையிட்டபோது, "அத கம்பெனிக்காரங்க வந்துதாங்க மாத்தணும், எங்களுக்கு அதுல ஒண்ணும் பண்ண முடியாது" என்று வருத்தத்தோடு சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தன் மேசைக்கு எதிரே நிற்கும் இயந்திரத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம்கூட அவருக்குத் தரப்படவில்லை. அதற்குப் பிறகு என் மாமியார் அந்த இயந்திரத்தின் பக்கம் திரும்புவதேயில்லை. வாசலில் நிற்கும் காவலாளித் தம்பியிடம்தான் வழி கேட்கிறார்.

ரோபோவின் பேச்சுக்குக் கட்டுப்பட்டுத் தூணிலிருந்த தாளை மதிக்காமல் போனது எங்கள் ஊர்க்காரர்களின் அறியாமை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் பால் ராபினெட், அயானா ஹோவர்ட் முதலியோர் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத ஒரு கட்டடத்துக்குள் ஒரு ரோபோ ஆட்களை வழிநடத்திச் சென்றது. சிலருக்குச் சரியாக வழி காட்டியது. சிலரைத் தவறான அறைக்குள் அழைத்துப் போய்ச் சுற்றவிட்டது. பிறகு தாழ்வாரத்தில் செயற்கைப் புகையைப் பரப்பி, தீ எச்சரிக்கை ஒலியை எழுப்பினார்கள். வெளியேறும் வழி என்ற பலகையோடு, தாங்கள் உள்ளே வந்த கதவு இருந்தும், ரோபோ வேறொரு பக்கத்தைச் சுட்டியபோது, கலந்துகொண்ட 26 பேரும் அதன் பின்னாலேயே சென்றார்கள். சில நிமிடங்களுக்கு முன் அது வழி தெரியாமல் தடுமாறியதை நேரில் பார்த்தவர்களும் அதில் அடக்கம். அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வும் இதையொட்டியதே. வீட்டு வேலைகளில் வெளிப்படையாகவே பிழை செய்த ரோபோவை, அதனோடு பழகியவர்கள் நம்பகத்தன்மையில் குறைவாக மதிப்பிட்டார்கள். ஆனாலும் செடித் தொட்டியில் ஆரஞ்சுச் சாற்றை ஊற்றச் சொன்னதுபோன்ற பொருந்தாத வேண்டுகோள்களை நிறைவேற்றுவதில், பிழை செய்யாத ரோபோவிடம் பழகியவர்களைவிட அவர்கள் பின்தங்கவில்லை. வாயால் நம்பவில்லை என்று சொல்வதும் காலால் பின்தொடர்வதும் ஒரே மனிதரிடம் ஒன்றாக இருக்க முடியும் என்பதைத்தான் இந்த இரண்டு ஆய்வுகளிலும் காண்கிறேன். எனவே, "எங்கள் நோயாளிகளில் இத்தனை பேர் ரோபோவைப் பயன்படுத்துகிறார்கள்" என்று ஒரு நிர்வாகம் பெருமையாகச் சொன்னால், அது நம்பகமானது என்பதற்கு அந்தக் கணக்கு சான்றாகாது.

நிறுவனங்களில் மனிதருக்கு மனிதர் வைக்கும் நம்பிக்கையைப் பற்றி மேயர், டேவிஸ், ஷூர்மன் ஆகிய மூவர் 1995-இல் எழுதிய கட்டுரையை இத்துறையினர் இன்றும் அடிப்படையாகக் கொள்கிறார்கள். ஒருவரை நம்பத் தகுந்தவர் ஆக்குவது அவரது திறன், நம் மேல் அவருக்குள்ள நல்லெண்ணம், அவரது நேர்மை ஆகிய மூன்றும் என்பது அவர்கள் கருத்து. இயந்திரத்துக்குத் திறன் இருக்கலாம். சில வேலைகளில் நம்மைவிட அதிகமாகவே இருக்கலாம். நல்லெண்ணமும் நேர்மையும் அதன் பின்னால் இருக்கும் மனிதர்களுடையவை: வாங்கி வைத்த நிர்வாகம், விற்ற நிறுவனம், பிரிவு மாறிய அன்றே தகவலை மாற்றியிருக்க வேண்டிய ஊழியர். இனிமையான குரலும் பெரிய கண்களும் அந்த மனிதர்களை மறைத்துவிட்டு, மூன்று குணங்களும் இயந்திரத்துக்குள்ளேயே இருப்பதுபோல் காட்டுகின்றன. ஒசூர் மருத்துவமனையில் ரோபோ தவறு செய்தது என்று சொல்வதே எனக்கு முழு உண்மையாகப் படவில்லை. தனக்குள் பதிந்திருந்ததை அது சரியாகத்தான் சொன்னது. பதிவை மாற்ற வேண்டியவர் மாற்றவில்லை.

இங்கே எங்கள் மாவட்டத்தின் அனுபவம் ஒன்றை நினைவூட்ட வேண்டும். தமிழகத்தில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதன்முதலில் தொடங்கப்பட்டது, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் தங்கள் கூலியில் மிச்சம் பிடித்த காசை, உறவினர் அல்லாத இன்னொரு பெண்ணின் கையில் கொடுக்க எப்படித் துணிந்தார்கள் என்று வெளியூர் அதிகாரிகள் அப்போது வியப்பார்கள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை. கூட்டத்தில் பாயின் நடுவே பணத்தை வைத்து இருவர் தனித்தனியே எண்ணுவார்கள். வரவு செலவை எழுதியபடியே உரக்கப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் தன் பாஸ்புத்தகத்தைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வருவார். தொடக்கத்தில், குழுச் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குத் தரும் உள்கடன் மிகச் சிறிய தொகையாகவே கொடுக்கப்படும். அது திரும்பிய பிறகுதான் அடுத்தது. தீர்மானப் புத்தகத்தில் கைநாட்டு வைப்பதற்கு முன் தீர்மானத்தை மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்கும் பாட்டிகள் எங்கள் குழுக்களில் இருந்தார்கள். அவர்களை யாரும் சந்தேகக்காரர்கள் என்று சொன்னதில்லை. கேட்கும் உரிமை இருந்ததால்தான் நம்பிக்கை வளர்ந்தது.

அந்த நம்பிக்கையும் முறிந்ததுண்டு. பாலக்கோடு பக்கத்தில் ஒரு குழுவில், வங்கியில் கட்டக் கொடுத்த பணத்தைப் பிரதிநிதி ஒருவர் தன் வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொண்டு, அடுத்த மாதம்தான் கட்டினார். பாஸ்புத்தகத்தில் தேதியைப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. அவர் கூட்டத்தில் அழுதார், எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கண்ணீர் உண்மையானது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனாலும் குழு அதோடு நிற்கவில்லை. எவ்வளவு தொகை, எத்தனை நாள் தாமதம், அதனால் யாருடைய கடன் தள்ளிப்போனது என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். வங்கிக்கு இனி இருவர் சேர்ந்தே போக வேண்டும் என்றும், பணம் கட்டிய சீட்டை அன்று மாலையே மூன்றாவது உறுப்பினரிடம் காட்ட வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள். அந்தப் பெண்ணைக் குழுவிலிருந்து விலக்கவில்லை. பணப் பொறுப்பிலிருந்து மட்டும் சில காலம் தள்ளி வைத்தார்கள். பின்னாளில் அவரையே மறுபடியும் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். நம்பிக்கை சீரானது என்று நான் சொல்வது இதைத்தான்: தவறு பெயரோடு எழுதப்பட்டது, இழப்பு கணக்கிடப்பட்டது, அதே தவறு மீண்டும் நடக்கவிடாத ஏற்பாடு அனைவரும் பார்க்கும்படி செய்யப்பட்டது, தவறியவருக்குத் திரும்பி வர வழியும் விடப்பட்டது. மன்னிப்பு அதில் ஒரு பகுதி மட்டுமே.

ரோபோ ஆய்வாளர்களும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பதை அறிந்து மகிழ்ந்தேன். சிலவற்றில் அவர்களோடு உடன்பட முடியாமலும் இருக்கிறேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கானர் எஸ்டர்வுட், லயனல் ராபர்ட் ஆகியோர், கணினியில் உருவாக்கிய கிடங்கு ஒன்றில் ஆட்களோடு சேர்ந்து பெட்டிகளை எடுக்கும் ரோபோவை மூன்று முறை தவறு செய்ய வைத்தார்கள். தவறுக்குப் பிறகு மன்னிப்புக் கேட்பது, மறுப்பது, காரணம் சொல்வது, இனி நடக்காது என்று உறுதி கூறுவது ஆகிய நான்கு வழிகளையும் சோதித்தார்கள். மூன்றாவது தவறுக்குப் பிறகு எந்த வழியும் அதன் நம்பகத்தன்மையை முழுமையாக மீட்டுத் தரவில்லை என்பது 2023-இல் வெளிவந்த முடிவு. எங்கள் குழுப் பெண்களிடம் கேட்டிருந்தால் ஆய்வு இல்லாமலேயே இதைச் சொல்லியிருப்பார்கள். ராபினெட் குழுவினர் 2015-இல் கண்ட இன்னொரு முடிவு எனக்குப் புதிதாக இருந்தது. தவறு நடந்த உடனே சொல்லும் மன்னிப்பைவிட, அடுத்த முறை அதே ரோபோவை நம்பலாமா என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டிய தருணத்தில் சொல்லும் மன்னிப்போ உறுதிமொழியோதான் பலன் தருகிறதாம். ஆழ்ந்து பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. பூட்டிய கதவிலிருந்து களைத்துத் திரும்பியவருக்கு மன்னிப்பால் ஆவது ஒன்றுமில்லை. மறுமாதம் அவர் வரும்போது, "சென்ற மாதம் நான் தவறான மாடியைச் சொன்னேன், இப்போது தகவல் திருத்தப்பட்டிருக்கிறது, ஐயம் இருந்தால் வலப்புற மேசையில் கேளுங்கள்" என்று சொன்னால் அவர் யோசித்துத் தீர்மானிக்க அது உதவும்.

ஆனால் இதே முடிவை வணிக நோக்கில் ஒரு நிறுவனம் கையாண்டால் என்ன ஆகும் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த நேரத்தில், எந்தச் சொல்லால் மன்னிப்புக் கேட்டால் மனிதர் இளகுவார் என்று தெரிந்துகொண்ட இயந்திரம், தகவலைத் திருத்தாமலேயே நம்பிக்கையை மட்டும் திருத்திக்கொள்ள முடியும். மனிதர்களிடையே 2004-இல் பீட்டர் கிம் குழுவினர் செய்த ஆய்வில், திறமைக் குறைவால் நேர்ந்த தவறுக்கு மன்னிப்புக் கேட்பது நல்லது என்றும், நேர்மைக் குறைவு என்ற குற்றச்சாட்டுக்கு மறுப்பதே அதிகப் பலன் தருகிறது என்றும் தெரிந்தது. இதை ரோபோவுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், மறுத்தால் லாபம் என்று அது மறுக்கும். நல்வாய்ப்பாக, யேல் பல்கலைக்கழகத்தில் சாரா செபோ குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு விளையாட்டில் கொடுத்த வாக்கை மீறிய ரோபோ, அது நேர்மை சார்ந்த மீறலாகத் தோன்றும் நிலையில் தன் செயலை மறுத்தபோது, ஆட்டக்காரர்கள் அதன் மேல் பழிவாங்கும் போக்கைக் கூடுதலாகக் காட்டினார்கள். மனிதரின் நியாய உணர்வு அவ்வளவு எளிதில் மழுங்கிவிடாது என்று இதைப் படித்தபோது ஆறுதல் அடைந்தேன். பிழை செய்யும் ரோபோவைப் பிழையற்ற ரோபோவைவிட மக்கள் அதிகம் விரும்புகிறார்கள் என்று சால்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் கண்டார்கள். தடுமாறும் பொம்மையைப் பார்த்து மனம் கனிவது இயல்புதான். அந்தக் கனிவை நம்பிக்கை என்று கணக்கில் எழுதிக்கொள்வது முறையல்ல. மருந்து வேளையை நினைவூட்டும் பொறுப்பை ஒன்றிடம் ஒப்படைக்கும்போது, அது நமக்குப் பிடித்திருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம்.

குழந்தைகள் விஷயத்தில் என் கவலை இன்னும் அதிகம். வீட்டுத் தோழனாக விற்கப்பட்ட 'ஜிபோ' என்ற ரோபோ, 2019-இல் தன்னை இயக்கும் தொலைதூரக் கணினிகளான சர்வர்கள் நிறுத்தப்படப் போவதைத் தானே உரிமையாளர்களிடம் சொல்லி விடைபெற்றது. ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கென்று 799 டாலர் விலையில் விற்கப்பட்ட 'மாக்சி'யை உருவாக்கிய எம்பாடிட் நிறுவனம், நிதி இல்லை என்று 2024 டிசம்பரில் மூடப்போவதாக அறிவித்தது. அந்த ரோபோவின் பேச்சு முழுவதும் தொலைவிலுள்ள கணினிகளிலிருந்தே வந்ததால், நிறுவனம் மூடினால் அதுவும் பேசாமல் போகும் என்று பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருந்தது. சோனி நிறுவனம் 1999-இல் வெளியிட்ட 'ஐபோ' நாய் ரோபோவுக்குப் பழுதுபார்க்கும் சேவை 2014-இல் நின்றபோது, ஜப்பானின் சிபா மாகாணத்தில் கோஃபுகுஜி என்ற கோயிலில் அவற்றுக்கு ஈமச்சடங்கே செய்தார்கள். பெரியவர்களுக்கே அவ்வளவு பற்று வருமென்றால், அரூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ ஒரு தொடக்கப்பள்ளிப் பிள்ளை, தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ரோபோவிடம் வீட்டுச் சண்டையையும் தன் பயத்தையும் சொல்லிப் பழகிய பின், ஒப்பந்தம் முடிந்தது என்று அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டாமா? முறிந்த நம்பிக்கையைச் சரிசெய்ய எதிர்த் தரப்பு என்று ஒன்று இருக்க வேண்டும். இங்கே அந்தத் தரப்பே மறைந்துவிடுகிறது.

பிள்ளை சொன்னதெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது என்பது அடுத்த கேள்வி. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள எந்த மொழியிலோ பெறும் உரிமையையும் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பள்ளிகளுக்கும் மருத்துவ நிறுவனங்களுக்கும் குறிப்பிட்ட சில நோக்கங்களுக்காக விதிகளில் விலக்குகள் உள்ளன. பேசும் ரோபோ முதலில் வந்து நிற்கும் இடங்கள் இவை இரண்டுமே என்பதால், விலக்கின் எல்லை எதுவரை என்று பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ரோபோவே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. ஜப்பானில் தகனோரி ஷிபாதா உருவாக்கிய 'பாரோ' என்ற கடல்நாய்க்குட்டி ரோபோ, நினைவாற்றல் குன்றிய முதியவர்களுக்கு ஆறுதல் தருவதற்காகப் பல நாடுகளில் பயன்படுகிறது. அது பேசுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை, மருத்துவர் வேடம் போடுவதில்லை. தடவிக்கொடுத்தால் அசைந்து குரலெழுப்புகிறது, அவ்வளவே. யாருடைய மடியில் எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்பதைப் பராமரிப்பாளர் முடிவு செய்கிறார். தன் எல்லைக்கு மேல் எதையும் அது காட்டிக்கொள்ளாததால் ஏமாற்றத்துக்கும் அதிகம் இடமில்லை. எங்கள் பக்கத்திலும் இதற்கு ஒரு தளம் தயாராக இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தரும் பெண் தன்னார்வலர்களில் பலர் எங்கள் குழுக்களிலிருந்து போனவர்கள். திண்ணையில் உட்கார்ந்து, மாத்திரை அட்டையில் எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, "ஏம்மா ரெண்டு நாளா போடல?" என்று கேட்கும் அவர்களுக்கு உதவியாக ஒரு கருவி வந்தால் வரவேற்பேன். அவர்களுக்குப் பதிலாக வந்தால், மாத்திரை போடாத காரணத்தை அந்த முதியவர் யாரிடமும் சொல்லாமல் போய்விடுவார்.

ஆகவே, இரு மாவட்ட நிர்வாகங்களுக்கும், தனியார் மருத்துவமனைகளுக்கும், பள்ளித் தாளாளர்களுக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். பேசும் ரோபோ நிற்கும் இடத்தில், அதற்குப் பொறுப்பான ஊழியரின் பதவியும் தொலைபேசி எண்ணும், அதற்குத் தெரியாதவை எவை என்பதும் தமிழிலும், ஒசூர், தேன்கனிக்கோட்டை வட்டங்களில் தெலுங்கிலும் கன்னடத்திலும், முதியவர் கண்ணுக்குத் தெரியும் அளவில் எழுதி வைக்கப்பட வேண்டும். அருகில் பணிபுரியும் ஊழியருக்கு அதை உடனே நிறுத்தும் அதிகாரம் தொழிற்சாலையில் இருப்பதுபோலவே இங்கும் வேண்டும். நிறுத்தியதற்காக அவர் மேலாளரிடம் விளக்கம் சொல்லும் நிலை இருக்கக் கூடாது. அது சொன்ன தவறுகளையும், எப்போது திருத்தப்பட்டது என்பதையும் ஒரு பதிவேட்டில் எழுதி, கேட்பவர் யாராயினும் படிக்கத் தர வேண்டும். பள்ளியாக இருந்தால், ரோபோவை விற்கும் நிறுவனத்தோடு செய்யும் ஒப்பந்தம், பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் தமிழில் வாசிக்கப்பட்ட பிறகே கையெழுத்தாக வேண்டும். நிறுவனம் மூடினாலோ ஒப்பந்தம் முடிந்தாலோ பிள்ளைகளின் குரல் பதிவுகள் என்ன ஆகும், பிள்ளைகளுக்கு யார் எப்படிச் சொல்வது என்பவை அதில் இருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கு இத்தகைய இயந்திரங்களை வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, விலையோடு இந்த நிபந்தனைகளையும் சேர்ப்பது ஆட்சியர்களுக்குப் பெரிய காரியமல்ல.

தங்கள் செய்தியாளர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஒரு ரோபோவின் திறப்பு விழாவுக்குப் போகும்போது, அது எத்தனை மொழி பேசும், விலை என்ன என்று கேட்பதோடு, அது தவறாகச் சொன்னால் எந்த அறையில் யாரைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டு, கிடைத்த பதிலைச் செய்தியில் சேருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
மகளிர் சுய உதவிக் குழு முன்னாள் ஊக்குநர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.